கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிங்க!

எங்கள் 40-வது கல்யாண நாளைக் கொடைக்கானலில் கொண்டாடலாம் என்று மகள் சொன்னாள். "ஓட்டல் வேண்டாம்ப்பா, தனி வீடாக எடுத்தால் அம்மா ஒரு காபியாவது போட்டுக்கொள்ளலாம்" என்றாள். ஆப்பில் தேடி, மூன்று இரவுக்கு 21,600 ரூபாய் கட்டினேன். முழுப் பணமும் முன்கூட்டியே.

இ-பாஸ் எடுத்துக்கொண்டு, வத்தலக்குண்டு வழியாக மலை ஏறினோம். வெள்ளி நீர்வீழ்ச்சியில் பேரனுக்கு வேடிக்கை காட்டிவிட்டு, நாலரை மணிக்கு வீட்டு வாசலுக்குப் போனால் கேட்டில் பூட்டு. பனி இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"சார், தண்ணி மோட்டார் ரிப்பேர். நீங்களே ஆப்பில் கேன்சல் பண்ணிடுங்க. பணம் தானா வந்துடும்."

நல்ல மரியாதையான குரல். நானும் நம்பிவிட்டேன். கேன்சல் பொத்தானை அழுத்தப் போன நேரத்தில் என் மனைவி, "ஏங்க, கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிங்க" என்றாள். போட்டுக்கொண்டு பார்த்தேன். பொத்தானுக்கு மேலே சின்ன எழுத்தில் இருந்தது: திரும்பக் கிடைக்கும் தொகை, 0.

விஷயம் இதுதான். வந்த நாளில் நாமாக ரத்து செய்தால் அது நம் தவறு, பணம் அவருக்கு. வீட்டுக்காரர் ரத்து செய்தால் அது அவர் தவறு; பணம் நமக்கு. அதனால்தான் அந்த மரியாதை!

வங்கியில் 33 வருடம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, "எதுவானாலும் எழுதிக் கொடுங்க" என்று எத்தனை பேரை நான் திருப்பி அனுப்பியிருப்பேன்! அன்று அந்த வாசலில் அதுதான் கைகொடுத்தது. போனில் பேசுவதை நிறுத்தினேன். "4.30-க்கு வந்தோம், கேட் பூட்டியிருக்கிறது, மோட்டார் பழுது என்று போனில் சொன்னீர்கள்" என்று ஆப்பிலேயே அவருக்குச் செய்தி அனுப்பினேன். மாப்பிள்ளை, "மாமா, எல்லாரும் நில்லுங்க" என்று பூட்டிய கேட்டோடு சேர்த்துப் படம் எடுத்தார். பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் இரண்டு அறை எடுத்துத் தங்கினோம்.

நிறுவனத்துக்குப் புகார் செய்தால், "விருந்தினர் வரவில்லை என்று உரிமையாளர் சொல்கிறார்" என்று பதில் வந்தது. படத்தையும் செய்தியையும் அனுப்பினேன். "பரிசீலிக்கிறோம்" என்றார்கள், மூன்று முறை. எனக்கு இரவில் தூக்கம் போயிற்று. பணத்தைவிட, வங்கிக்காரன் ஏமாந்தான் என்ற பேர்தான் உறுத்தியது.

பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தேன். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் ஒரு மின்னஞ்சல். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதை மட்டும் எழுதி, 1915-இல் கொடுத்த புகார் எண்ணையும் சேர்த்தேன். 23-வது நாள் 21,600 ரூபாயும் கணக்கில் வந்தது.

லாட்ஜ் செலவுக்கும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று எனக்கு ஆசை. நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. மனைவிதான், "போதும், விடுங்க" என்றாள். விட்டேன்.

நம் வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வாசலில் நிற்கும்போது யார் சொன்னாலும் நீங்களாகக் கேன்சல் செய்யாதீர்கள். பேச்செல்லாம் ஆப்பிலேயே எழுத்தில் இருக்கட்டும். படம் எடுங்கள்.

அந்தப் பயணத்தில் நாங்கள் எல்லாரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் அது ஒன்றுதான். சால்வையைப் போர்த்திக்கொண்டு, பேரனைப் பிடித்தபடி அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். பின்னால் பூட்டு. பிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள், "எந்த இடம் சார், அழகாக இருக்கே?" என்று கேட்கிறார்கள்.