கூறு போடும் கை

பண்ருட்டிப் பக்கம் கரிநாளுக்கு ஆடு பிடிக்கிறவர்கள் மார்கழியிலேயே பேசி முடித்துவிடுகிறார்கள். தை இரண்டாம் நாள் திருவள்ளுவர் தினம், இறைச்சிக் கடைகளை மூடச் சொல்லி அரசு உத்தரவு உண்டு. மறுநாள் கரிநாள். அன்று அடுப்பில் கறி ஏறாத வீடு இங்கே குறைவு. ஒருநாள் மூடிக் கிடந்த கடைகள் விடியற்காலையில் திறக்கும்போது வரிசை தெருமுனையைத் தாண்டிவிடும். அந்த வரிசைக்குப் பயந்தும், வேறு சில காரணங்களாலும், கிராமங்களில் பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு கிடா வாங்கிக் கூறு போட்டுக்கொள்கிறது. இத்தனைக்கும் 1867இல் வள்ளலார் தருமச்சாலை தொடங்கிய வடலூர் இங்கிருந்து எட்டும் தூரம்தான். “பூசத்துக்கு அங்க போயி அன்னதானம் சாப்புடுவோம், கரிநாளுக்கு இங்க கறி தின்னுவோம். ரெண்டும் தையிலதான வருது” என்றார் ஓர் அம்மா, எந்தச் சங்கடமும் இல்லாமல்.

சென்னையில் இப்போது “பண்ணையிலிருந்து நேரடியாக முழு ஆடு” என்பது ஒரு மோஸ்தர். சூப்பர் மார்க்கெட்டின் குளிர்பெட்டிக் கறியை நம்பாதவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து கிராமத்தில் ஆடு பேசி, பிரித்து எடுத்துப்போகிறார்கள். அவர்கள் புதிதாகச் செய்வதைக் காலங்காலமாகச் செய்துவரும் ஊரில் அது எப்படி நடக்கிறது என்று பார்க்கத்தான் காடாம்புலியூருக்கு அருகே ஒரு சிற்றூருக்குப் போனேன். முந்திரி பூத்துக்கொண்டிருந்தது.

மாவட்டத்தின் பெரிய ஆட்டுச் சந்தை வேப்பூரில், வெள்ளிக்கிழமை கூடுகிறது. தீபாவளி, பக்ரீத், பொங்கல் நேரத்தில் வெளிமாவட்ட வியாபாரிகள் வண்டியோடு வந்து இறங்குவார்கள். கூறுக்காரர்கள் அங்கே போவதில்லை. “சந்தை ஆடு தண்ணி குடிச்சிட்டு எடை காட்டும் சார்” என்றார் கறி போடுகிற பெரியவர். அறுபதைத் தாண்டியவர். கரிநாள், தீபாவளி, ஆடி மாதக் கோயில் படையல் எதுவானாலும் சுற்றுவட்டாரத்தில் அவர் கைதான். அன்றைக்கான கிடாவைப் பக்கத்துத் தெருவிலேயே, பலா இலையும் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொடியும் தின்று வளர்ந்ததாகப் பார்த்து எடுத்திருந்தார். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். பால்பல் இன்னும் விழவில்லை. முதுகுத்தண்டின் இரு பக்கமும் விரலால் அழுத்தி, வால் அடியைப் பிடித்துப் பார்த்து, விலா எலும்பைத் தடவினார். காயடித்த கிடாவா என்பதையும் கேட்டு உறுதி செய்துகொண்டார். காயடிக்காத கிடாவில் வீச்சம் வரும். பிறகு, “ஒம்போது கிலோவுக்குக் கொஞ்சம் கொறையும்” என்றார். கறி எடையைத்தான் சொன்னார், உயிர் எடை அவருக்குத் தேவைப்படவில்லை. வெள்ளாட்டில் உயிர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் கறி தேறும்.

ஆடு வளர்த்த அம்மாவுக்கு அந்தத் தொழில் வந்தது அரசாங்க ஆட்டிலிருந்து. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா தொடங்கிய விலையில்லா ஆடு திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடுகள் கொடுத்தார்கள். அந்த வருஷமே டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கரை கடந்து, இந்த வட்டாரத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. மறுபடி நட்ட கன்று காய்க்கிற வரைக்கும் ஆட்டை விற்றுத்தான் வீடு ஓடியது என்றார்.

அறுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, சீக்கிரம் முடிந்தது. உரிப்பில்தான் கைவேலை தெரிகிறது. புளியங்கிளையில் பின்னங்கால்களைக் கட்டித் தொங்கவிட்டு, தொடை உள்பக்கம் மட்டும் கத்தி வைத்தார். அதற்குப் பிறகு கத்தி இல்லை, முஷ்டிதான். தோலுக்கும் சதைக்கும் நடுவில் முஷ்டியை நுழைத்து அழுத்திக்கொண்டே இறங்க, தோல் சட்டை கழல்வது மாதிரி கழன்றது. கத்தி பட்டால் தோலில் ஓட்டை விழும், ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஷாப்புகளுக்குப் போகும்போது விலை விழும் என்பதற்காகப் பழகிய முறை. “ஒரு காலத்துல தோல் காசே பாதிக் கூலி. இப்ப கேக்க ஆளில்ல, சில நாளு பொதைக்கிறோம்.” புதைக்கப்போகிற தோலிலும் அவர் ஒரு கீறல் விடவில்லை.

கூறு போடுவதுதான் நான் பார்க்க வந்தது. புளியங்கட்டையில் வெட்டிய கறியைத் தனித்தனிக் குவியலாக வைத்தார்: தொடை, முன்கால் சந்து, நெஞ்செலும்பு, கழுத்து, முதுகெலும்பு, கொழுப்பு, ஈரல். தரையில் விரித்த பத்து வாழை இலைகளுக்கு ஒவ்வொரு குவியலிலிருந்தும் வரிசையாக எடுத்துப் போட்டுக்கொண்டே போனார். ஈரலைப் பத்தாக நறுக்கியது நகத்தளவுத் துண்டுகளில். குடலும் போட்டியும் சுண்ணாம்பில் கழுவி வந்ததும் அதற்கும் ஒரு சுற்று. தலையும் காலும் கூறில் சேராது. வாட்டித் தனி விலைக்குக் கொடுத்து, அந்தக் காசை மொத்தக் கணக்கில் கழிப்பார்கள். சுவரொட்டி (மண்ணீரல்) ஒன்றுதான் இருக்கும் என்பதால் அதையும் பிரிப்பதில்லை. பத்து வீட்டில் எங்காவது பிள்ளை பெற்றவள் இருந்தால் அவளுக்குப் போகும். அன்றைக்கு அப்படி ஒருத்தி இருந்தாள், பேச்சே எழவில்லை.

தராசு இல்லையா என்று கேட்டேன். பக்கத்துக் கடையில் இருக்கிறதாம், யாரும் கொண்டுவரவில்லை. “எடை போட்டா எடைதான் சரியா வரும். ஒருத்தனுக்கு ஒரு கிலோ எலும்பு, இன்னொருத்தனுக்கு ஒரு கிலோ தொடை. அது சமமா?” என்றார். கண்ணளவில் போட்டு முடித்த பிறகு ஆளுக்கொரு அடையாளம் கொடுத்தார்கள்: கூழாங்கல், தீக்குச்சி, முந்திரி இலை, சட்டைப் பொத்தான். எந்த அடையாளம் யாருடையது என்று தெரியாத ஒரு சிறுமி கூப்பிடப்பட்டு ஒவ்வொரு கூறின் மேலும் ஒன்றை வைத்தாள். அவரவர் அடையாளம் விழுந்த கூறு அவரவருக்கு. வெட்டுகிறவருக்கும் ஒரு பங்கு இருந்தது, அதற்கும் ஓர் அடையாளம்தான். தன் கைக்கு எந்தக் கூறு வரும் என்று தெரியாதவன் ஒரு கூறை மட்டும் கொழுக்கவைக்க மாட்டான். உலகத்தில் பங்கீட்டுக்கு இதைவிட மலிவான தணிக்கை முறை எனக்குத் தெரிந்து இல்லை.

இனி கணக்கு. தலை, கால் காசு கழித்துக் கிடா 7,500 ரூபாய், வெட்டுக் கூலி 500. பத்துப் பங்காகப் பங்கு 800. ஆளுக்கு வந்தது முக்கால் கிலோவுக்கு மேல் கறி, கூடவே குடலும் போட்டியும். கடையில் கிலோ 900 விற்ற நாள் அது. ஆக, மொத்தமாக வாங்கினால் பாதி விலை என்ற பேச்சு இங்கே எடுபடவில்லை. மிச்சம் சொற்பம். ஆனால் பத்தில் மூன்று பேர் அன்று ஒரு பைசாகூடக் கொடுக்கவில்லை. பங்குனி, சித்திரையில் கொட்டை விழுந்து விற்றதும் தருவார்கள் என்று ஒரு நோட்டில் பெயர் ஏறியது. எந்த சூப்பர் மார்க்கெட்டும் முந்திரி விளையும் வரை காத்திருக்காது.

சூப்பர் மார்க்கெட் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. கூட்டில் ஒருவரின் மைத்துனர் சென்னையிலிருந்து வந்திருந்தார். போன தடவை முழு ஆடாக வாங்கி, வெட்டிய சூட்டோடு ஐஸ் பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோய் ஃப்ரீசரில் வைத்தாராம். எத்தனை விசில் வைத்தாலும் ரப்பர். பெரியவர் சிரித்தார்: “சூட்டுக் கறிய ஒடனே ஆக்கணும். இல்லாட்டி சூடு அடங்க உடணும். நடுவுல ஐஸ்ல போட்டா வெறச்சிக்கும்.” அறிவியலும் இதையேதான் சொல்கிறது. உயிர் போன பிறகும் தசைக்குள் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் சில மணி நேரம் லாக்டிக் அமிலமாக மாறிக்கொண்டிருக்கும். அது முடிவதற்குள் பத்து டிகிரிக்குக் கீழே குளிரவைத்தால் தசைநார் சுருங்கி இறுகும். நியூசிலாந்தில் லாக்கர், ஹேக்யார்ட் என்ற இருவர் 1963இல் மாட்டுத் தசையில் இதை அளந்து வெளியிட்டார்கள். உறைந்த ஆட்டுக்கறியைக் கப்பலில் ஏற்றும் நாட்டுக்கு அது பெரிய செய்தி. முறையாக நடக்கும் குளிர்பதனக் கூடத்தில் உடலை முழுசாகத் தொங்கவிட்டு, விறைப்பு அடங்கிய பிறகே வெட்டுவார்கள். கிராமத்தில் மதியத்துக்குள் குழம்பு கொதித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற நகரத்துக்காரர்தான் கெட்டுப்போகிறார். முழு ஆடு வாங்குகிறவர் முதலில் சூடும் விறைப்பும் அடங்க விட்டு, ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, பிறகு ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி ஃப்ரீசரில் ஏற்றட்டும்.

கோழிக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. ஒப்பந்தப் பண்ணையில் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் நிறுவனத்துடையது, பண்ணைக்காரருக்கு வளர்ப்புக் கூலி மட்டும். ஆறு வாரத்தில் இரண்டு கிலோ ஆனதும் நிறுவன வண்டி வந்து ஏற்றிப்போகும். பண்ணை விலையைப் பல்லடத்தில் உட்கார்ந்து தினமும் அறிவிக்கிறார்கள். வாசலில் போய் நின்று “நேரடியா ரெண்டு கோழி குடுங்க” என்றால் அவர் எப்படித் தருவார், கோழி அவருடையதில்லையே.

சுகாதாரத்தில் கூறுக்கறி தோற்கும் இடமும் இருக்கிறது. 2001ஆம் ஆண்டு இறைச்சிக்கூட விதிகள்படி நகராட்சி எல்லைக்குள் உரிமம் பெற்ற கூடத்தில்தான் அறுக்கலாம். கால்நடை மருத்துவர் ஒவ்வொரு ஆட்டையும் பார்க்க வேண்டும், மணிக்குப் பன்னிரண்டுக்கு மேல் பார்க்கக் கூடாது. புளியமரத்தடியில் முத்திரையும் இல்லை, மருத்துவரும் இல்லை. ஈரலில் கட்டி இருக்கிறதா என்று பெரியவர் கீறிப் பார்த்ததை மட்டும் கண்டேன். ஆடு உயிரோடு மேய்ந்ததைப் பத்து வீடும் பார்த்திருக்கிறது என்பது ஒரு பாதுகாப்புதான், ஆனால் புழுக்கட்டியை அது காட்டிக்கொடுக்காது.

பெரியவரின் மகனும் பொங்கலுக்கு வந்திருந்தார். சென்னையில் இறைச்சி பொட்டலமிடும் கூடத்தில் வேலை, கையுறையும் வலைத்தொப்பியும் போட்டு நாள் முழுக்க ஒரே துண்டை வெட்டுகிறார். “எனக்கு நெஞ்செலும்பு மட்டுந்தாண்ணா. தொடை வேற லைன்.” சம்பளம் ஒன்றாம் தேதி வருகிறது, பி.எஃப். பிடிக்கிறார்கள். அப்பாவுக்கு வருஷத்தில் நாற்பது ஐம்பது ஆடு கிடைத்தால் அதிகம், மற்ற நாளில் முந்திரிக் கொட்டை உடைக்கப் போகிறார். மகன் அன்றைக்கு அப்பாவுக்கு உதவியாகக் குடல் கழுவினார், கூறு போட உட்காரவில்லை. “எனக்கு கண்ணளவு வராது. அங்க மெஷின்ல 500 கிராம் காட்டுனாதான் கை நிக்கும்” என்று சொல்லிவிட்டு, சாயங்காலப் பேருந்துக்குச் சீட்டு எடுத்தாயிற்றா என்று தங்கையைக் கேட்டார்.