கொலோனில் தவில், லயத்தில் தப்பு

போன லீவுக்கு வீட்டுக்கு வந்த நேரம் தோட்டத்தில் திருவிழா. பதுளையிலிருந்து பசறை போகிற ரோட்டுப் பக்கம்தான் எங்க தோட்டம். இந்தமுறை டவுனிலிருந்து ஒரு மியூசிக் குரூப் பிடிச்சிருந்தோம். காசு சேர்த்ததும் நாங்கதான். ட்ரம்ஸ் அடிக்கிறவருக்கு மேடை, லைட், நாற்காலி, குடிக்கச் சோடா. காலையிலிருந்து சாமி ஊர்வலத்துக்குத் தப்படிச்ச மாமாவுக்கு, கோயில் வாசலுக்கு வெளியே பலாமரத்தடியில் ஒரு சாக்கு. அவருடைய மகன் எங்க செட்டுதான். அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நாங்களும் கண்டும் காணாத மாதிரி இருந்துட்டோம்.

அன்று ராத்திரி ட்ரம்ஸ் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. போனில் ஒவ்வொரு வீடியோவாகப் பார்த்துப் பார்த்து ஜாஸ் பக்கம் போயிட்டோம். அங்கே ஒரு பெயரில் எல்லாரும் நின்றோம்: ரமேஷ் ஷோத்தம். ஜாஸ் ட்ரம்மர், சென்னைக்காரர், கையில் தவில்!

1948இல் சென்னையில் பிறந்தவர். 1970களில் 'ஹியூமன் பாண்டேஜ்' என்ற ரொக் குழுவில் ட்ரம்ஸ் அடிச்சவர். கை தேர்ந்த பிறகு அவர் செய்த காரியம்தான் எங்களை யோசிக்க வைத்தது. பெங்களூரில் மிருதங்க வித்துவான் டி.ஏ.எஸ். மணி நடத்திய கர்நாடகா கொலேஜ் ஒஃப் பெர்கஷனில் சேர்ந்து, தவிலை அடியிலிருந்து படித்தார். ட்ரம்ஸில் ரெண்டு கை, ரெண்டு கால், நாலுக்கும் தனித்தனி வேலை. தவிலில் ஒரு கைக்குக் குச்சி, மறு கை விரல்களுக்குக் கூடு. கையில் வருவதற்கு முன்னால் சொற்கட்டு வாயில் வரணும். கடம், கஞ்சிரா, மோர்சிங்கும் அவருக்குக் கைவந்தன. 1980களில் ஐரோப்பா போனவர், ஜேர்மனியின் கொலோன் நகரத்தில் குடியேறினார்.

ஜாஸில் ட்ரம்மர் வெறுமனே தாளம் போடுகிறவர் இல்லை. சாக்ஸபோன்காரர் அந்த நேரத்துக் கற்பனையில் எங்கேயோ பறக்கும்போது, கீழே தரையைப் பிடிச்சு வைக்கிறவரும், அவருக்குப் பதில் சொல்கிறவரும் இவர்தான். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் நடக்கிற பேச்சும் அதுதானே! லெபனானின் ஊத் கலைஞர் ரபி அபூ கலீலின் 'புக்ரா' (1988) இசைத்தொகுப்பில் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சொனி ஃபோர்ச்சூனோடு ஷோத்தமும் வாசித்திருக்கிறார். பிறகு தன் சொந்தக் குழுவுக்கு அவர் வைத்த பெயர் 'மெட்ராஸ் ஸ்பெஷல்'.

அவரோடு வாசித்த இன்னொருவர் சார்லி மரியானோ. பொஸ்டனில் பிறந்த சாக்ஸபோன் கலைஞர், பெரிய மேதை சார்ல்ஸ் மிங்கஸோடு வாசித்தவர். அவர் நாதஸ்வரம் படித்தார்! 2009இல் கொலோனில்தான் இறந்தார். ட்ரம்ஸிலிருந்து தவிலுக்கு ஒருவர், சாக்ஸபோனிலிருந்து நாதஸ்வரத்துக்கு ஒருவர். தெரிந்ததை விடவில்லை, தெரியாததைக் கேவலமாக நினைக்கவும் இல்லை.

மறுநாள் மாமாவைத் தேடிப் போனோம். காம்பரா வாசலில் உட்கார வைத்து வீடியோவைக் காட்டினோம்.

"இவரு யாரு தம்பி, நம்ம ஆளா?"

"மெட்ராஸ்காரர் மாமா. ஜேர்மனியில இருக்காரு."

மாமா ஒன்றும் பேசவில்லை. விரல் மட்டும் பக்கத்திலிருந்த தகர வாளியில் தட்டிக்கொண்டே இருந்தது. முடிந்ததும் போனைத் திருப்பித் தந்தார்.

"நல்லா வாசிக்கிறாரு. ஆனா தவிலுன்னா கோயிலுக்குள்ள போகும் தம்பி. தப்பு போகாது."

எங்ககிட்ட பதில் இல்லை. கொலோன் மேடையைக் காட்டி அவரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று போனவர்கள் நாங்க. அந்தக் காலத்தில் விடியற்காலையில் ஜனங்களைப் பெரட்டுக்கு எழுப்பியது தப்பு. இன்றைக்கும் காமன் கூத்துக்குத் தப்பு, சாவுக்குத் தப்பு. ஒரு தோட்டத்தின் பிறப்பு இறப்பு எல்லாம் தெரிந்த மேளத்தை, அடிக்கிறவரின் சாதியைப் பார்த்து வெளியே நிறுத்தியிருக்கிறோம். மேளத்தில் குறை இல்லை. கலைப்பீடத்தில் சமத்துவம் பற்றி எத்தனை அசைன்மன்ட் எழுதினோம்!

"எங்களுக்குப் பழக்கித் தருவீங்களா மாமா?" என்று கேட்டோம். முதலில் சிரித்தார். பிறகு, "மொதல்ல வாயில சொல்லுங்க, அப்புறம் குச்சியத் தொடலாம்" என்றார். தோலைக் காய்ச்ச நெருப்பு வேணும் என்றதும், இவ்வளவு நேரமும் கதவோரம் நின்ற அவர் மகன் ஒன்றும் சொல்லாமல் போய்ச் சருகு அள்ளிக்கொண்டு வந்தான்.

இதுவரைக்கும் ரெண்டு அடிதான் ஓரளவு வருது. அதுவும் பிசகுது. அடுத்த திருவிழாவில் மாமாவுக்கு மேடையில் நாற்காலி வேணும் என்று கோயில் கமிட்டியிடம் கேட்கப்போகிறோம். இன்னும் கேட்கவில்லை, பயமாத்தான் இருக்கு. பின்வாங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இங்கே எழுதி வைக்கிறோம். நீங்களும் எங்களிடம் கேளுங்க.