மாலையில் என்னைப் பார்த்தால்



போன வாரம் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மாலை ஏழு மணி இருக்கும். ஒருவர் வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டு, "டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்றார். "நல்லா இருக்கேன்ப்பா, நீங்க மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டுவிட்டேன். அவன் முகம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் விஷயமே. 1998 பேட்ச், முதல் பெஞ்ச். "டீச்சர் என்னை மறந்துட்டாங்க" என்று வருத்தப்பட்டானாம். மறுநாள் இன்னொருத்தி போனில் சொன்னாள்.

மறக்கவில்லை கண்ணா. லென்ஸைக் கழற்றி வைத்திருந்தேன்.

எனக்குக் கெரட்டோகோனஸ் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியாது. கண்ணின் முன்னால் இருக்கும் கருவிழிப் படலம் மெலிந்து, கூம்பு மாதிரி முன்னே பிதுங்கிவிடும். பத்தாம் வகுப்பில் உங்களுக்குக் கூம்பின் கனஅளவு நடத்தினேனே, அப்போது என் கண்ணிலேயே இரண்டு கூம்பு இருந்தது! வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே வருடத்தில் மூன்று முறை கண்ணாடி மாற்றினேன். அப்படியும் ஒரு நிலா நாலு நிலாவாகத்தான் தெரிந்தது. மேடுபள்ளமான பரப்புக்குக் கண்ணாடி உதவாது. கெட்டியான லென்ஸ் போட்டால், அதற்கடியில் கண்ணீர் தேங்கிப் பள்ளத்தை நிரவிவிடும். பார்வை நேராகும்.

ஆக, இந்த வைத்தியத்துக்கு மூலப்பொருளே கண்ணீர்தான். ஐம்பதைத் தாண்டியதும் எனக்கு அதுவே வற்ற ஆரம்பித்தது. பெண்களுக்கு அந்த வயதில் இது சகஜமாம். சட்டைப் பொத்தானைவிடச் சின்ன லென்ஸ், உலர்ந்த கண்ணில் மணல் மாதிரி உறுத்தும். போதாக்குறைக்குச் சாக்பீஸ் தூள். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வேன். டீச்சர் அழுகிறார் என்று நீங்கள் கிசுகிசுத்தது காதில் விழாமல் இல்லை.

2016இல், தாம்பரத்தில் ரயிலேறி நுங்கம்பாக்கம் சங்கர நேத்ராலயாவுக்குப் போய் ஸ்க்ளீரல் லென்ஸுக்கு மாறினேன். இது பெரியது. கருவிழியைத் தொடாமல், வெள்ளை விழியின் மேல் உட்காரும். உள்ளே சலைனை நிரப்பி, கண்ணாடியை மேசையில் படுக்க வைத்து, அதன்மேல் குனிந்து போட வேண்டும். ஒரு காற்றுக்குமிழி புகுந்தாலும் கழற்றி மறுபடி முதலிலிருந்து. முதல் மாதம் தினமும் அரை மணி நேரம் போராட்டம். 1888இல் சூரிச்சில் ஃபிக் என்ற மருத்துவர் முதலில் முயலுக்கும், பிறகு தனக்கும் போட்டுப் பார்த்த கண்ணாடி லென்ஸும் இப்படி வெள்ளை விழியில் உட்கார்ந்ததுதான். அந்த மனிதரின் தைரியத்தை நினைத்துத்தான் நானும் குனிந்தேன்.

நாள் முழுக்கக் கருவிழி சலைனில் நனைந்தே இருப்பதால் உறுத்தல் பாதியாகக் குறைந்தது. இன்னொரு லாபம், வெங்காயம் நறுக்கினால் கண் எரிவதில்லை. அந்த வேலை முழுவதும் இப்போது என் தலையில்!

ஆனாலும் பிற்பகலில் உள்ளே பால் கலந்தது போல மங்கும். கழற்றிக் கழுவி, புது சலைன் ஊற்றிப் போட்டால் இன்னும் மூன்று மணி நேரம் ஓடும். ஆறு மணிக்குமேல் கண்ணே போதும் என்று சொல்லிவிடும். பிடிவாதம் பிடித்தால் மறுநாள் சிவந்துபோகும்.

சொட்டு மருந்து, கெடாமலிருக்க ரசாயனம் சேர்க்காத ஒற்றை வேளைக் குப்பிதான். மற்றதை அடிக்கடி விட்டு எரிச்சலைக் கூட்டிக்கொண்ட அனுபவம் உண்டு. இரவில் வெதுவெதுப்பான துணியை இமைமேல் பத்து நிமிடம் வைக்கிறேன். மின்விசிறி இரண்டுக்கு மேல் கிடையாது. வேளச்சேரி சாலையில் பஸ் ஜன்னலோரம் உட்காருவதில்லை. போகி அன்று காலை லென்ஸுக்கு விடுமுறை. போனில் மூழ்கினால் இமைக்க மறந்துவிடுகிறோம், எனக்கு அது உடனே தெரிந்துவிடும்.

செய்த ஒரு மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய லென்ஸை வருடக்கணக்கில் எங்கள் செம்பாக்கம் வீட்டு போர் தண்ணீரில் அலசிப் போட்டிருக்கிறேன். தண்ணீரில் இருக்கும் ஒருவகை அமீபா கருவிழியையே அரித்துவிடும் என்று டாக்டர் சொன்ன அன்று இரவு தூக்கம் வரவில்லை. கண் தப்பியது என் சாமர்த்தியத்தால் அல்ல.

சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இது குடும்பத்தில் வரக்கூடியது. பிள்ளைகள் ஓயாமல் கண்ணைக் கசக்கினாலோ, சிலிண்டர் பவர் மாறிக்கொண்டே இருந்தாலோ, கருவிழியின் வடிவத்தைப் படமெடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரிபோஃப்ளேவின் சொட்டுவிட்டு, புறஊதா ஒளி காட்டி, மேலும் மோசமாகாமல் நிறுத்தும் சிகிச்சை இப்போது இருக்கிறது. என் இளமையில் அது இல்லை. கசக்காதே என்றுகூட அப்போது யாரும் சொல்லவில்லை.

அந்த 1998 பையனிடம் நேற்று போனில் பேசிவிட்டேன். "ஹலோ டீச்சர்" என்றதுமே குரலில் ஆளைப் பிடித்துவிட்டேன், கல்யாண வீட்டில் நாதஸ்வர சத்தத்தில்தான் கோட்டை விட்டிருக்கிறேன். இனி ஆறு மணிக்குமேல் என்னைப் பார்த்தால் முதலில் பெயரையும் பேட்சையும் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் வந்து சொல்லுங்கள், கூட்டத்தில் கையாட்டினால் எனக்குத் தெரியாது.