மேலே இருக்க வேண்டிய கம்பி

புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்துப் பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. போர்ட்டிகோவின் முட்டுகளை எடுத்த மறுநாள் காலையில் பார்த்தால் அதன் முன்முனை கீழே இறங்கியிருக்கிறது. சுவரோடு சேரும் இடத்தில், மேல்பக்கம் நீளவாக்கில் ஒரு வெடிப்பு. பதறிப்போய் மறுபடியும் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள்.

பாளையங்கோட்டைப் பக்கத்து வீடு அது. கட்டியவர் அரசு பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்றவர். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அந்தச் செங்கலுக்குள் போயிருந்தது. இருபது ரூபாய் பத்திரத்தாளில் எழுதிய ஒப்பந்தத்தை என் மேஜைமேல் வைத்தார்.

“சாமானோட சேத்துத்தான் வக்கீல் சார் பேச்சு. சதுர அடிக்கு இவ்வளவுன்னு எழுதியிருக்கு பாருங்க. மேஸ்திரிதான் பொறுப்பு.”

தாளில் அப்படித்தான் இருந்தது. ‘மெட்டீரியலோடு’ என்ற சொல் தெளிவாக இருந்ததால் வழக்கு சுலபம் என்று நினைத்தேன். 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘சேவை’ என்பதன் விளக்கத்துக்குள் வீடு கட்டுதல் 1993இல் சேர்க்கப்பட்டது. லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு வீட்டு நுகர்வோருக்குக் கதவைத் திறந்துவிட்டது. அந்த நம்பிக்கையில் மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் மனுவைத் தாக்கல் செய்தேன்.

எதிர்மனுதாரரான மேஸ்திரியின் பதிலுரை என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ‘இது லேபர் கான்ட்ராக்ட். லிண்டலுக்கு மேல் ஒரு மூட்டை சிமெண்ட்கூட நான் வாங்கவில்லை. நான் கூலிக்கு வேலை செய்தவன்’ என்று சொல்லி, கம்பிக்கடை ரசீதுகளின் நகலையும் இணைத்திருந்தார். ரசீதில் இருந்தது என் கட்சிக்காரரின் பெயர்.

“என்ன அண்ணாச்சி இது?” என்று கேட்டேன். அவர் பேசவில்லை. கூட வந்திருந்த அவர் மனைவிதான் சொன்னார்: “லிண்டல் போட்ட பெறகு கம்பி வெல ஏறிட்டு தம்பி. பழைய ரேட்டுக்கு முடியாதுன்னு மேஸ்திரி வந்து நின்னாரு. சரி, சாமான நாங்களே வாங்கிப் போடுதோம், நீங்க கூலிய மட்டும் வாங்கிக்கிடுங்கன்னு இவங்கதான் சொன்னாங்க.”

திண்ணையில் நின்று பேசிய பேச்சு. ஒரு வரிகூட எழுத்தில் இல்லை. தொகை மட்டும் குறைந்ததாக இருவரும் நினைத்திருக்கிறார்கள். உண்மையில் அன்று மாறியது வீடு கட்டும் முறையே.

நம் ஊரில் கட்டடம் எழும் வழிகள் சில உண்டு. பொருள், கூலி எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு இன்ன விலை என்பது ஒன்று. விலையேற்றம் கட்டிக் கொடுப்பவர் தலையில் விழும். பொருளில் மிச்சம் பிடிக்கும் ஆசையும் அவருக்கே வரும். லேபர் கான்ட்ராக்டில் பொருள் வீட்டுக்காரருடையது. தரமான சிமெண்ட் வாங்கலாம், ஆனால் மிச்சம் பிடிக்கும் ஆசை இப்போது வீட்டுக்காரருக்கு வந்துவிடும். கூலி வாங்குபவருக்கோ சீக்கிரம் முடித்தால்தான் லாபம். மூன்றாவது, பொதுப்பணித்துறையில் வழங்கும் ஐட்டம் ரேட். வரைபடம் முன்கூட்டியே தயாராகும். ஒவ்வொரு வேலைக்கும் தனி விலை. செய்ததை அளந்து எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் பதிந்த பிறகே பில். அளவு கூடினால் உரிமையாளர் கொடுக்க வேண்டும். விலை கட்டாவிட்டால் ஒப்பந்தக்காரர் தாங்க வேண்டும். நான்காவது, வடிவமைப்பையும் கட்டுவதையும் ஒருவரிடமே ஒப்படைப்பது. கட்டடம் விழுந்தால் ‘வரைந்தவர் தப்பு’ என்று அவர் விரல் நீட்ட வேறு ஆள் இல்லை.

உலக அளவில் பெரிய திட்டங்களுக்கு ஃபிடிக் என்ற பொறியாளர் கூட்டமைப்பு 1999இல் வெளியிட்ட மாதிரி ஒப்பந்தங்களும் இந்தப் பிரிவினையைத்தான் நிறத்தால் காட்டுகின்றன. உரிமையாளர் வடிவமைத்தால் சிவப்புப் புத்தகம், ஒப்பந்தக்காரர் வடிவமைத்தால் மஞ்சள், ஏறக்குறைய எல்லா இடரையும் அவரே ஏற்றுச் சாவியைக் கையில் கொடுத்தால் வெள்ளிநிறம். பல கோடி ரூபாய்த் திட்டத்துக்கும் பாளையங்கோட்டை வீட்டுக்கும் கேள்வி ஒன்றுதான்: வரைவது யார், வாங்குவது யார், மேற்பார்ப்பது யார்?

எங்கள் வழக்கில் வரைபடம் என்று இருந்தது அனுமதிக்காகப் போட்ட பிளான் மட்டுமே. கம்பி எத்தனை, எங்கே என்று காட்டும் கட்டமைப்பு வரைபடம் கிடையாது. மேஸ்திரியின் அனுபவமே வரைபடமாக இருந்தது. சதுர அடி ஒப்பந்தமாகவே இருந்திருந்தால் அந்தப் பொறுப்பு அவருடையது என்று சொல்ல எனக்கு வழி இருந்தது. லேபர் கான்ட்ராக்டாக மாறிய பிறகு அந்தப் பொறுப்பை யார் எடுத்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. பொறியாளரை வைக்காததால் அது கேட்பாரற்றுக் கிடந்தது.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் திறமையானவர். இரண்டு வாதம் வைத்தார். முதலாவது, ஒப்பந்தச் சட்டத்தின் 62ஆம் பிரிவு. பழைய ஒப்பந்தத்துக்குப் பதிலாகப் புதியதை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டால் பழையதை நிறைவேற்றத் தேவையில்லை. ஆகவே பத்திரத்தாள் செத்த காகிதம் என்றார். இரண்டாவது, கூலி வேலை ‘தனிநபர் ஊழியம்’, அதை நுகர்வோர் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது என்றார்.

இரண்டாவதற்குப் பதில் டாக்டர்கள் வழக்கில் கிடைத்தது. 1995இல் இந்திய மருத்துவச் சங்கம் தொடர்ந்த வழக்கில், ஒருவரிடம் ஊழியனாக இருப்பது வேறு, ஒருவருக்காக ஒரு வேலையை ஏற்றுச் செய்து கொடுப்பது வேறு என்று உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. இந்த மேஸ்திரி தன் கொத்தனார், தன் சித்தாள், தன் சென்ட்ரிங் பலகையோடு வந்தவர். எப்படிச் செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் கட்டளையிடவில்லை. கூலியும் நாள்கணக்கில் இல்லை, சதுர அடிக் கணக்கில். முதல் வாதத்துக்கு நான் சொன்னது: மாறியது பொருள் வாங்கும் பொறுப்பு, வேலையைச் சரியாகச் செய்யும் பொறுப்பு எந்த முறையிலும் அவரைவிட்டுப் போகவில்லை.

அப்படியானால் போர்ட்டிகோ இறங்கியது பொருளாலா, வேலையாலா? மன்றம் ஆணையரை நியமித்தது. அவரோடு கட்டுமானப் பொறியாளர் ஒருவரும் வந்தார்.

அந்தக் காலைவேளை இன்னும் கண்ணில் நிற்கிறது. வெடிப்பை ஒட்டிப் பொறியாளர் உளி வைத்து மெல்லத் தட்டச் சொன்னார். ஓர் அங்குலம், இரண்டு அங்குலம், கம்பியைக் காணோம். ஐந்து அங்குல கான்கிரீட்டில் நாலு அங்குலம் தோண்டிய பிறகுதான் கம்பி தென்பட்டது. அதன் கனத்தை அளந்தார், இடைவெளியை அளந்தார். “கம்பி போதுமான அளவு இருக்கு, கனமும் சரி. ஆனா இருக்க வேண்டிய இடத்துல இல்ல” என்றார்.

நாலு பக்கமும் சுவர்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் தளம் நடுவில் தொய்யும். இழுவிசை அடிப்பக்கம், எனவே முக்கியக் கம்பியும் கீழே. இந்தப் போர்ட்டிகோவைப்போல் ஒரு பக்கம் மட்டும் பிடிமானமாய் அந்தரத்தில் நீட்டி நிற்கும் தளத்தில் இது தலைகீழ். இழுவிசை மேல்பக்கம், கம்பியும் மேலே இருக்க வேண்டும், உள்ளே வீட்டுத் தளத்துக்குள்ளும் போதுமான தூரம் ஓடி ஊன்ற வேண்டும். மேலே கட்டிய கம்பி ஜல்லி போடும்போது இறங்காமலிருக்க, அடியில் வளைத்த கம்பியால் ‘சேர்’ வைத்துத் தாங்குவார்கள்.

குறுக்கு விசாரணையில் அதைத்தான் கேட்டேன்.

“போர்ட்டிகோவுக்கு சேர் வைத்தீர்களா?”

“இல்லை.”

“ஏன்?”

“கம்பி கணக்கா வந்திருந்தது. சேருக்குத் தனியா வெட்ட மிச்சமில்லை. மேலதான் கட்டினோம். சட்டி தூக்கிட்டுப் போறவங்க மிதிச்சதுல இறங்கியிருக்கும்.”

“கம்பி போதாதென்று வீட்டுக்காரரிடம் சொன்னீர்களா?”

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். “சொல்லல.”

அந்த ஒரு சொல்லில் வழக்கு முடிந்தது என்றாலும், எனக்கு அன்று சந்தோஷம் வரவில்லை. என் கட்சிக்காரர் சிக்கனமாகக் கணக்குப் போட்டு வாங்கிய கம்பியும் அந்தப் பதிலில் இருந்தது. அதிகமாகக் கேட்டால் சண்டை வருமோ என்ற மேஸ்திரியின் தயக்கமும் இருந்தது. நடுவே பொறியாளர் ஒருவர் நின்று, ‘சேர் இல்லாமல் கான்கிரீட் போடாதே’ என்று சொல்லியிருந்தால் சில கிலோ கம்பியோடு போயிருக்கும்.

மன்றம் நடுநிலையாகத் தீர்ப்பளித்தது. போர்ட்டிகோவை இடித்துக் கட்டும் செலவும், மன உளைச்சலுக்கு இழப்பீடும் மேஸ்திரி தர வேண்டும். நாங்கள் சேர்த்துக் கேட்டிருந்த கதவு மரம், டைல்ஸ் குறைகள் வீட்டுக்காரரே வாங்கிய பொருள் என்பதால் தள்ளுபடி. அது நியாயம்தான் என்று அவரிடம் சொன்னேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. பேச்சில் இல்லாத தண்ணீர்த் தொட்டியையும் மொட்டைமாடிச் சுவரின் கூடுதல் உயரத்தையும் மேஸ்திரி கட்டிக் கொடுத்திருந்தார், பணம் வாங்கவில்லை. “எழுத்துல இல்லையே சார்” என்றார் என் கட்சிக்காரர். எழுத்து இல்லாவிட்டாலும், இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் சட்டப்படி செய்த வேலையின் பலனை நாம் அனுபவித்தால் ஈடு தர வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு. “அந்தத் தொட்டித் தண்ணியத்தானே குடிக்கோம், கொடுத்திருவோம்” என்றார் அவர் மனைவி. அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியை வாங்கினோம்.

எது நல்ல முறை என்று இன்றும் பலர் கேட்கிறார்கள். தினமும் நின்று பார்க்க நேரமும் பொறியாளர் துணையும் இருப்பவருக்கு லேபர் கான்ட்ராக்ட் நல்லது. தூரத்தில் இருப்பவருக்கு, பொருளின் தரத்தையும் பிராண்டையும் எழுதிவைத்த சதுர அடி ஒப்பந்தம் நல்லது. வரைபடம் முழுமையாக இருந்தால் ஐட்டம் ரேட்டைப்போல் சண்டை குறைந்தது வேறில்லை. எதை எடுத்தாலும், முறை மாறுகிற அன்றைக்கே தாளையும் மாற்றுங்கள். எந்த மட்டம் வரை பழைய கணக்கு, அதற்குமேல் வாங்குவது யார், மேற்பார்ப்பது யார் என்று நாலு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

சில வருடங்கள் கழித்து அந்த மேஸ்திரி என் அலுவலகத்துக்கு வந்தார். வேறொரு வீட்டுக்கு வேலை எடுத்திருந்தார். ஒப்பந்தம் எழுதித்தரக் கேட்டார். ரேட் எவ்வளவு என்று எழுதப் பேனாவை எடுத்தேன்.

“அது அப்புறம் இருக்கட்டும் சார். கம்பி வரைபடம் அவங்க இன்ஜினியர் தரணும்னு முதல்ல போடுங்க.”

அப்படியே எழுதினேன்.