வாட்ஸ் மட்டும் பார்த்தால் போதுமா?

ஹோம் தியேட்டர் என்றாலே எல்லோரும் கேட்பது ‘எத்தனை வாட்ஸ்?’ என்றுதான். ‘எத்தனை ஓம்?’ என்று கேட்பவர் குறைவு.

பென்னலூரில் எங்கள் பக்கத்து மாடியில் குடியிருக்கும் தம்பி, ஒரகடத்தில் வேலை. ரிச்சி தெருவில் பழைய 4 ஓம் ஸ்பீக்கர்கள் ஐந்து வாங்கி வந்து மாட்டினார். சத்தமாக வைத்தால் அரை மணியில் ஆம்ப்ளிஃபயர் கொதித்துத் தானே அணைந்துவிடும். ‘பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்குங்கள், தவணை உண்டு’ என்றார்களாம் ஒரு கடையில். தவணை கட்டினால் ஊரில் அம்மாவுக்கு அனுப்பும் பணத்தில் கை வைக்க வேண்டும்.

பெட்டியின் பின்புறத்தைப் பார்த்தேன். ‘6 முதல் 16 ஓம்’ என்றிருந்தது. ஓம் என்பது தடை. தடை 8-லிருந்து 4 ஆனால், அதே வோல்டேஜில் கரண்ட் இரண்டு மடங்கு ஓடும். 1827-இல் ஜெர்மானியர் ஓம் சொன்ன விதிதான் இது. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு ‘லுவா தோம்’.

அந்த ஸ்பீக்கர்களைக் கொடுத்து 8 ஓமாக மாற்றிக்கொண்டார். பெட்டி இப்போது வெதுவெதுப்போடு சரி.

இன்னொன்று, சென்சிட்டிவிட்டி. 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் தரும் ஸ்பீக்கரைவிட, 90 தருவதற்குப் பாதி பவர் போதும். முன்புற மூன்றும் ஒரே வரிசை மாடலாக இருந்தால், குரல் இடமிருந்து வலம் போகும்போது மாறாது.

பிள்ளைகள் வாங்கித் தருகிறேன் என்றால், பின்புறத்தைப் படித்துவிட்டுத் தலையாட்டுங்கள். நம் வீட்டுக் கூடத்தில் வசனம் கேட்க ஓரிரு வாட்டே தாராளம்.