இல்லை என்று சொன்ன கணக்கு

2025 மே 31 அன்று எனக்கு வழியனுப்பு விழா. பேசிய அதிகாரி ஒருவர், "முப்பத்திரண்டு வருஷம் சிரிச்ச முகமா மாத்திரை எண்ணிக் கொடுத்தவர்" என்று பாராட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள், சால்வையோடு நானும் கும்பிட்டேன். நான் சிரித்த முகக்காரன் இல்லை என்பது எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்துபோன அத்தனை பேருக்கும் தெரியும். எண்ணியது மட்டும் உண்மை. எதை எண்ணினேன் என்பதுதான் அவருக்குத் தெரியாது.

கடைசிப் பத்து வருஷம், தூத்துக்குடி மாவட்டத்தில் புதிதாக வேலைக்கு வருகிற மருந்தாளுநர்களுக்கும் கிராம சுகாதார செவிலியர்களுக்கும் மருந்து இருப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலையைச் சொல்லிக்கொடுத்தேன். ஷார்ட் எக்ஸ்பைரியை முன்னால் வை, ஆக்ஸிடோசின் 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடையில் இருக்கட்டும், இருப்பு அட்டையை (பின் கார்டு) அன்றன்றைக்கே எழுது. இதெல்லாம் ஒரு மணி நேரப் பாடம். ஒன்றே ஒன்றுதான் யாருக்கும் எளிதில் ஏறாது. எனக்கே இரண்டு வருஷம் பிடித்தது.

1993இல் கடற்கரை ஊர் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே மூத்தவராக இருந்தவரை டாக்டர் உட்பட எல்லோரும் அண்ணாச்சி என்றே கூப்பிடுவார்கள். அப்போது ஆயிரம் மாத்திரை கொண்ட டப்பாக்கள்தான் வரும். உப்புக்காற்றில் பெர்ரஸ் சல்பேட் ஒன்றோடொன்று ஒட்டிப் புள்ளி விழும். ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்து என் மூக்கருகே நீட்டுவார் அண்ணாச்சி. காடி வாசம் அடித்தால் மாத்திரை ஈரம் குடித்துக் கெட்டுவிட்டது என்று அர்த்தம், தேதி என்ன போட்டிருந்தாலும் சரி. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்து, பட்டை பட்டையாக மாத்திரை வரத் தொடங்கியதும் அந்த வித்தைக்கு வேலை இல்லாமல் போனது. அதில் அவருக்கு ஒரு சின்ன வருத்தம்கூட உண்டு என்று நினைக்கிறேன்.

ஒருநாள் என் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏல, குடுத்ததெல்லாம் எழுதிருக்க. இல்லன்னு திருப்பி விட்டியே, அவுகள எங்க எழுதிருக்க?"

கொடுக்காததை எப்படி அண்ணாச்சி எழுதுவது என்றேன். தன் நீள நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். மருந்தின் பெயர், பக்கத்தில் கோடுகள். நாலு கோடு, குறுக்கே ஒன்று. "இல்லை" என்று கேட்டுத் திரும்பிப் போன ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு. அவருடைய அப்பா சங்கு குளிக்கப் போனவர். "வள்ளத்துல உக்காந்துகிட்டு சிப்பி எண்ண முடியுமால?" என்றார். இந்தக் கரையில் முத்துக்குளிப்பு அறிவிக்குமுன் அரசாங்கம் கடலடிச் சிப்பிப் படுகைகளான பார்களில் ஆளை இறக்கிச் சிப்பி எடுத்து, உள்ளே இருக்கும் முத்தை மதிப்புப் போட்டுப் பார்க்கும், தேறினால்தான் அறிவிப்பு. 1961தான் கடைசி. நான் அதைப் பார்த்ததில்லை. ஆனால் பாருக்குள் இறங்காமல், மருந்து கேட்டு இண்டென்ட் போடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பயிற்சியில் எல்லோருக்கும் ஒரே கணக்குதான் கொடுப்பேன். பிரஷர் மாத்திரை, அம்லோடிபின் 5 மில்லிகிராம். ஏப்ரலிலிருந்து மார்ச் வரை கொடுத்தது 54,000. அதில் மூன்று மாதம் இருப்பே இல்லை. மாதச் சராசரி என்ன? பத்தில் ஒன்பது பேர் 12ஆல் வகுத்து 4,500 என்பார்கள். மருந்து இருந்தது ஒன்பது மாதம்தானே? 9ஆல் வகுத்தால் 6,000. வருஷத்துக்கு 72,000 வேண்டும். போன வருஷம் போனது 54,000, இந்த வருஷமும் அதுவே போதும் என்று போட்டால், மாதம் 6,000 வீதம் சரியாக ஒன்பதாவது மாதம் அலமாரி காலி. மறுபடி மூன்று மாதம் இல்லை. அடுத்த வருஷமும் அதே 54,000. பதிவேடு எள்ளளவும் பிசகாது, தணிக்கைக்காரர் ஒரு வரி எழுத முடியாது. ஊர் மட்டும் வருஷத்தில் கால்வாசி நாள் பிரஷர் மாத்திரை இல்லாமல் இருக்கும்.

9ஆல் வகுப்பதும் முழுக்கச் சரியில்லை. அந்த மூன்று மாதம் எந்த மூன்று மாதம்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆண்கள் கரையில் இருப்பார்கள், ஓ.பி.யில் வரிசை நீளும். உப்பளத்தில் வெயில் கொளுத்துவதும் அப்போதுதான், ஓ.ஆர்.எஸ். பறக்கும். மற்ற நாளில் கடற்கரை ஆண்களுக்கு ஓய்வென்றால் ஞாயிறுதான், அன்றைக்கு மருந்தாளுநருக்கும் ஓய்வு. நர்ஸ் துண்டுச்சீட்டில் குறித்துவைத்ததைத் திங்கட்கிழமை பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏற்றினால் உண்டு.

இரண்டு தடவை "இல்லை" கேட்டவர் மூன்றாம் தடவை வரவே மாட்டார். அவருக்கு அண்ணாச்சியின் நோட்டிலும் கோடு கிடையாது. பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் உடனே எங்கும் வலிக்காது, அதுதான் தொல்லை.

இதற்கு நேர் எதிரான தப்பும் நடக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. வீட்டிலிருந்த மாத்திரையைத் தண்ணீரில் விட்டவர்கள் எல்லோரும் திரும்ப வந்து வாங்கினார்கள். அந்த மாதக் கணக்கை அப்படியே எடுத்து மறு வருஷ டிசம்பருக்கும் இண்டென்ட் தயார் செய்தார் ஒரு தம்பி. பக்கத்தில் "வெள்ளம்" என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதும். "கம்ப்யூட்டர் காட்டுச்சு சார்" என்றார். கம்ப்யூட்டர் ஏதோ நேற்று வந்த மாதிரி! மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்குகளில் தொண்ணூறுகளிலேயே கம்ப்யூட்டர் உண்டு, ஒவ்வொரு நிலையத்துக்கும் பாஸ்புக் உண்டு. 2011இல் இலவச மருந்துத் திட்டம் தொடங்கிய ராஜஸ்தானுக்கே நம் ஏற்பாடுதான் முன்மாதிரி. கம்ப்யூட்டரின் மேல் எனக்குக் கோபமில்லை. போட்டதைத்தானே அது காட்டும்?

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்தபிறகு மாத்திரை வீட்டு வாசலுக்கே போகிறது. நல்ல காரியம். ஆனால் அதைக் கொண்டுபோகிற தன்னார்வலர் அம்மாவின் பையும் ஒரு கிடங்கு என்று எத்தனை பேருக்குப் புரிந்தது? விடியுமுன் உப்பளத்துக்குப் போய்விட்டவர் வீடு பூட்டிக் கிடக்கும், மாத்திரை பையோடு திரும்பும். பதிவேட்டிலோ கொடுத்தாயிற்று.

இப்போது நானும் பிரஷர்காரன். போன மாதம் என் மாத்திரைக்காக ஒரு நிலையத்தில் வரிசையில் நின்றேன். ஜன்னலில் இருந்த பெண் புதியவர், என்னை அடையாளம் தெரியவில்லை. "அம்லோடிபின் இல்லங்கய்யா, வியாழக்கிழமை வாங்க" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு முன்னால் போன இரண்டு பேரிடமும் இதையேதான் சொன்னார்.

"எழுதிக்கிட்டியாம்மா?"

"என்னத்தய்யா?"

"இல்லன்னு சொன்னத."

நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கிண்டல் இல்லை. முன்னாலிருந்த மூன்று பதிவேடுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல எதுல எழுதணும்யா?" என்று கேட்டார்.