வாள்நுனி

ஸ்காபரோப் பூங்காவொன்றில் தாய்ச்சி வாள் பழகும் சீனர்களுடன் நாமும் சேர்ந்துகொண்டோம். 1957இல் சீனாவில் தொகுக்கப்பட்ட, 32 அசைவுகள் கொண்ட வரிசை அது. கால் உயரத் தூக்குபவரே கெட்டிக்காரர் என்று நினைத்திருந்தோம்.

ஒருநாள் ஆசிரியை, முழங்கால் நோவுள்ள வயதான அம்மா ஒருவரைக் காட்டி, "காலைப் பார்க்காதீர்கள், நுனியைப் பாருங்கள்" என்றார். குத்தும்போது அந்த அம்மாவின் கையும் வாளும் ஒரே கோடு. இடுப்பிலிருந்து வந்த விசை நுனிவரை போனது. கொத்தும்போது மணிக்கட்டு மட்டும் எழும்ப, நுனி கீழிறங்கியது. குத்து வேறு, கொத்து வேறு என்று கண்ணுக்குத் தெரிந்தது. எமது வாள்களோ இரண்டையும் ஒரேமாதிரி வீசிக்கொண்டிருந்தன.

இப்போது எமது முழங்கால்களும் நோகின்றன. அதுபற்றிக் கவலையில்லை. நுனிதான் இன்னும் வசப்படவில்லை.